பலா, செம்படாக்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

ஜூன் முதல் ஆகஸ்ட் வரை சிங்கப்பூரில் தேக்காவிலோ கேலாங் சிராயிலோ பழக்கடைப் பக்கம் போனால் மூக்கே வழிகாட்டிவிடும். இந்தப் பருவத்தில் நமக்கு வந்த கடிதங்களில் பல, பலாவையும் அதன் மலாய் உறவான செம்படாக்கையும் பற்றியவை. ஒரே விஷயத்தைப் பலர் கேட்டிருந்தால் ஒரு கேள்வியாகச் சேர்த்திருக்கிறோம்.

கேள்வி: எங்கள் சமூகத் தோட்டத்துப் பலாமரம் கொத்துக் கொத்தாகப் பிஞ்சு விடுகிறது. விரல் நீளம் வந்ததும் கறுத்து, சாம்பல் பூஞ்சை படர்ந்து, பொத்துப் பொத்தென்று விழுந்துவிடுகிறது. என்ன மருந்து அடிக்கலாம்? (வாசகர், பிடோக்)

மருந்துப் புட்டியைக் கீழே வையுங்கள். விழுகிறவற்றில் பெரும்பாலானவை பிஞ்சே இல்லை, ஆண் பூக்கதிர்கள். மகரந்தத்தைக் கொட்டி முடித்ததும் அவற்றுக்கு வேறு வேலை கிடையாது. கறுத்து விழுவதுதான் அவற்றின் கணக்கு.

பலாவில் ஆண் பூவும் பெண் பூவும் ஒரே மரத்தில், தனித்தனிக் கதிர்களில் வரும். முதலில் ஆண் கதிர்கள் தலைகாட்டும். அதிலும் இளமரம் என்றால் ஓரிரு பருவம் ஆண் கதிர் மட்டுமே வந்து ஏமாற்றும். இரண்டையும் பிரித்தறியக் காம்பைப் பாருங்கள். ஆண் கதிரின் காம்பு மெலிசாக, ஏறக்குறைய 5 மில்லிமீட்டர் தடிமனில் இருக்கும். பெண் கதிரின் காம்பு அதைவிடத் தடித்து, கதிர் தொடங்கும் இடத்தில் பச்சை வளையம் ஒன்று எடுப்பாகத் தெரியும். ஆண் கதிரின் மேல்தோல் ஏறக்குறைய வழவழப்பு. பூத்ததும் தொட்டால் விரலில் மஞ்சள் பொடி ஒட்டும். பெண் கதிர் சிறு முனைகளோடு சொரசொரவென்றிருக்கும். பூத்த நாட்களில் அந்த முனைகளிலிருந்து வெள்ளை இழைகள் நீட்டிக்கொண்டு நிற்கும். இடமும் ஓரளவு துப்புத் தரும்: நுனிக் கிளைகளில் இருப்பவை பெரும்பாலும் ஆண், அடிமரத்திலும் தடித்த கிளைகளிலும் இருப்பவற்றில் பெண் உண்டு.

ஆண் கதிரில் படரும் பூஞ்சையைப் பார்த்துப் பதறி, மரம் முழுக்கப் பூஞ்சைக்கொல்லி அடிப்பவர்கள் இருக்கிறார்கள். அது வேண்டாம் என்பதற்கு அழகான காரணம் ஒன்று உண்டு. சரவாக் காடுகளில் செம்படாக் மரங்களை ஆராய்ந்தவர்கள் 2000-இல் வெளியிட்ட முடிவு இது: ஆண் கதிரில் வளரும் பூஞ்சையைத் தின்னவும் அதிலேயே முட்டையிடவும் கொசுவைவிடச் சிறிய ஒருவகை ஈ வருகிறது. அதன் குஞ்சுப்புழுக்களுக்கும் அந்தப் பூஞ்சைதான் சோறு. ஆண் கதிரில் உடம்பில் ஒட்டிக்கொண்ட மகரந்தத்தோடு, அதைப் போன்ற வாசனையை நம்பி அந்த ஈ பெண் கதிருக்கும் போய்விடுகிறது. அங்கே தின்ன ஒன்றும் இல்லை. ஆனால் மகரந்தச் சேர்க்கை நடந்துவிடுகிறது. பூஞ்சையை ஒழித்தால் தரகரையும் சேர்த்து ஒழித்த மாதிரி.

இனி, உண்மையான பிஞ்சும் அழுகுவது உண்டு. தடித்த காம்பு, பச்சை வளையம், எலுமிச்சையைத் தாண்டிய பருமன் உள்ள பிஞ்சு காம்புப் பக்கமிருந்து நீர்கோத்து மென்மையாகி, மேலே கறுப்புப் புள்ளிகளோடு பூஞ்சை படர்ந்தால் அது ரைசோபஸ் அழுகல். நவம்பர் முதல் ஜனவரி வரையிலான மழையில் அதிகம் வரும். செய்யவேண்டியது:

அழுகியதைக் காம்போடு வெட்டிப் பையில் கட்டி அப்புறப்படுத்துங்கள். மரத்தடியில் போட்டால் அங்கிருந்தே மறுபடி ஏறும். விழுந்து கிடக்கும் ஆண் கதிர்களையும் வாரம் ஒருமுறை கூட்டிவிடுங்கள். ஈக்களுக்கு வேண்டிய பூஞ்சை மரத்தில் நிற்கும் கதிர்களிலேயே போதுமான அளவு கிடைக்கும். அடிமரத்தை மறைக்கும் உள்கிளைகளைக் கழித்துக் காற்று நுழைய விடுங்கள். ஒரே இடத்தில் மூன்று நான்கு பிஞ்சு ஒட்டிக்கொண்டிருந்தால் நல்லதாக ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதைக் கறிக்கு எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு காய் உரசும் இடத்தில்தான் ஈரம் தங்கும், அழுகலும் அங்கேதான் ஆரம்பிக்கும்.

கேள்வி: காய் ஒரு பக்கம் உப்பி, மறுபக்கம் சப்பி, அவரை மாதிரி வளைந்து வருகிறது. உரக் குறையா? (வாசகி, அங் மோ கியோ)

மகரந்தக் குறை. ஒரு பலாப்பழம் என்பது நூற்றுக்கணக்கான பெண் பூக்கள் ஒன்றாய் ஒட்டி வளர்ந்த கூட்டுப்பழம். கருவுற்ற பூ ஒவ்வொன்றும் ஒரு சுளையாகும், கருவுறாதது சுளைகளுக்கிடையில் நாராகக் கிடக்கும் சடையாகும். சப்பியிருக்கும் பக்கத்தை அறுத்துப் பாருங்கள், வெறும் சடைதான் இருக்கும். அந்தப் பக்கத்துப் பூக்களுக்கு மகரந்தம் போய்ச் சேரவில்லை.

கையாலேயே சரிசெய்யலாம். பெண் கதிரில் வெள்ளை இழைகள் பளிச்சென்று தெரியும் நாட்களில், மழையில்லாத காலை நேரமாகப் பார்த்து, மஞ்சள் பொடி உதிரும் ஆண் கதிர் ஒன்றைப் பறித்துப் பெண் கதிரைச் சுற்றிலும், அடிப்பக்கம் விடாமல், மெல்லத் தேயுங்கள். மறுநாளும் அதற்கடுத்த நாளும் திரும்பச் செய்யுங்கள், ஏனென்றால் எல்லாப் பூவும் ஒரே நாளில் விரிவதில்லை. இழைகள் பழுப்பேறிவிட்டால் காலம் கடந்துவிட்டது. தோட்டத்தில் ஒரே மரம்தான் இருக்கிறது, அதில் இப்போது ஆண் கதிரே இல்லை என்றால், பக்கத்துத் தோட்டத்து மரத்திலிருந்து கேட்டு வாங்கிவாருங்கள்.

கேள்வி: பலா இந்த மண்ணின் மரமா? தமிழர்கள் கொண்டுவந்ததா? செம்படாக் என்பது பலாவின் ஒரு ரகம்தானே? (வாசகர், ஈசூன்)

பலாவின் பிறப்பிடம் தென்னிந்தியாவின் மேற்குத் தொடர்ச்சி மலை என்பதே பொதுவாக ஏற்கப்பட்ட கருத்து. அங்கே மழைக்காடுகளில் அது இன்றும் தானாக வளர்கிறது. சங்கப் பாடல்களில் குறிஞ்சி நிலத்து மலைச்சாரலை வருணிக்கும்போதெல்லாம் பலா வந்து நிற்பது தற்செயல் அல்ல. அங்கிருந்து இலங்கை, வங்கம், பர்மா, மலாய்த் தீவுகள் என்று மனிதர் கையோடு பரவியது. எந்தக் கப்பல், யார் மடி என்று கேட்டால் சொல்ல முடியாத அளவுக்குப் பழைய சங்கதி அது. வெகு பின்னால் போர்ச்சுகீசியர்கள் பிரேசிலுக்குக் கொண்டுபோனார்கள். ரியோ டி ஜெனீரோ நகரத்தை ஒட்டிய திஜுக்கா காட்டில் இன்று பலா ஒரு படையெடுப்பு மரம். உள்ளூர் மரங்களை நெருக்குகிறது என்று வெட்டிக் கட்டுப்படுத்துகிறார்கள். நாம் விலை கொடுத்து வாங்குவது அங்கே களை.

செம்படாக் வேறு இனம். பலாவின் தாவரவியல் பெயர் ஆர்ட்டோகார்ப்பஸ் ஹெட்டிரோஃபில்லஸ். செம்படாக் ஆர்ட்டோகார்ப்பஸ் இன்டிஜர். இரண்டும் அத்திக் குடும்பத்தைச் சேர்ந்த அண்ணன் தம்பிகள். செம்படாக்கின் சொந்த ஊர் மலாய்த் தீபகற்பம், சுமத்ரா, போர்னியோ. ஆகவே உங்கள் கேள்விக்கு நேர்ப்பதில்: இந்த வட்டாரத்து மரம் செம்படாக், பலா பல நூற்றாண்டுக்கு முன் வந்து குடியேறிய மரம். இரண்டும் கலந்து பிறந்த ஒட்டினமும் உண்டு. மலேசியாவில் அதை நங்காடாக் என்று விற்கிறார்கள். பலாவின் சதைப்பற்றும் செம்படாக்கின் மணமும் சேர்ந்து வரும்.

உருவத்தில் பலா அசுரன். மரத்தில் காய்க்கும் பழங்களிலேயே பெரியது அதுதான். பூனாவில் 2016-இல் எடைபோட்ட ஒரு பழம் 42.72 கிலோ என்று கின்னஸ் பதிவில் இருக்கிறது. கடையில் வருபவை பெரும்பாலும் 8 முதல் 20 கிலோ. செம்படாக் அவ்வளவு வளராது. 20 முதல் 35 சென்டிமீட்டர் நீளம், உருளை வடிவம், ஒரு கையால் தூக்கிவிடலாம்.

கேள்வி: பழம் இல்லாத காலத்தில் மரத்தைப் பார்த்தே இது பலா, இது செம்படாக் என்று சொல்ல முடியுமா? (வாசகர், புக்கிட் தீமா)

முடியும். இளங்குச்சியைக் கையில் பிடித்துப் பாருங்கள். செம்படாக் குச்சியிலும் இலையின் நடு நரம்பிலும் பழுப்பு நிறத்தில் நீண்ட ரோமம் இருக்கும். விரலால் வருடினாலே தெரியும். பலாவின் குச்சி வழவழப்பு. கணுவுக்குக் கணு மோதிரம் போட்ட தழும்பு இரண்டிலும் உண்டு, அதை வைத்துப் பிரிக்க முடியாது. கன்று இலையில் விரல் விரலாகப் பிளவு இருந்தாலும் குழம்ப வேண்டாம். இளங்கன்றில் அப்படி வந்து, மரமானதும் முழு இலையாகிவிடும்.

கேள்வி: தின்ற பழத்தின் கொட்டையை வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டுத் தாழ்வாரத்தில் தொட்டியில் போட்டு வளர்க்க ஆசை. காய்க்குமா? (வாசகி, பொங்கோல்)

முளைக்கும், காய்க்காது என்று வைத்துக்கொள்ளுங்கள். பலாவுக்கு நாளொன்றுக்கு ஆறு மணிநேரமாவது நேரடி வெயில் வேண்டும்; தாழ்வாரத்தில் அது கிடைப்பது அரிது. கொட்டையிலிருந்து வரும் மரம் காய்க்க ஐந்து முதல் பத்து ஆண்டு, சில நேரம் அதற்கும் மேலே. பலா அயல்மகரந்தச் சேர்க்கையில் வருவதால், தேன் போன்ற பழத்தின் கொட்டை அப்படியே தேனாக வரும் என்ற உத்தரவாதமும் இல்லை. தாழ்வாரத்தில் நடக்க 1.2 மீட்டர் அகலம் எப்போதும் காலியாக இருக்கவேண்டும் என்பது தீயணைப்பு விதி. பெரிய தொட்டி அதற்குள் அடங்காது. தேசியப் பூங்காக் கழகம் வாடகைக்குத் தரும் தோட்டப் பாத்தியும் 2.5 மீட்டருக்கு 1 மீட்டர்தான். கீரைக்கும் கத்தரிக்கும் சரி, பலாவுக்குப் போதாது.

செடியாக வளர்த்துப் பார்க்கும் ஆசை மட்டும் என்றால் தாராளமாகச் செய்யலாம். கொட்டையைக் காயவைக்கக் கூடாது, இதுதான் முக்கியம். நெல், உளுந்து மாதிரி உலர்த்திச் சேமித்தால் பலாக்கொட்டை செத்துவிடும். சுளையிலிருந்து எடுத்த சில நாட்களுக்குள், வழவழப்புப் போகக் கழுவி, 30 சென்டிமீட்டர் ஆழமுள்ள தொட்டியில் படுக்கைவாக்கில் 2 முதல் 3 சென்டிமீட்டர் ஆழத்தில் புதையுங்கள். மூன்று வாரம் முதல் ஒன்றரை மாதத்துக்குள் முளைக்கும். ஆணிவேர் விறுவிறுவென்று இறங்கும். ஆழமில்லாத தொட்டியில் அது சுருண்டுகொள்ளும், சுருண்ட வேரோடு பின்னால் நிலத்தில் நட்டால் மரம் நிற்காது. வேறு இடத்துக்கு மாற்றுவதாக இருந்தால் நான்கு இலை விடுவதற்குள் மாற்றிவிடுங்கள். தொட்டிக்கு அடியில் வைக்கும் தட்டில் தண்ணீர் தேங்க விடாதீர்கள். கொசுவுக்கு அபராதம் கட்டும்படி ஆகிவிடும்.

கேள்வி: தரைவீட்டுப் பின்கட்டில் ஜே33 ரகப் பலா ஒட்டுக்கன்று வைத்து இரண்டு ஆண்டு. டிசம்பர் மழைக்குப் பிறகு இலை மஞ்சளாகி உதிர்கிறது, நுனிக்குச்சி காய்கிறது. உரம் போட்டும் தேறவில்லை. (வாசகர், சிராங்கூன் கார்டன்ஸ்)

உரம் போட்டதைத்தான் முதலில் நிறுத்தவேண்டும். நீங்கள் எழுதியிருக்கும் அறிகுறி வேர் மூச்சுத்திணறுவதன் அறிகுறி. பலாவுக்கு மழை பிடிக்கும்; தேங்கிய தண்ணீர் ஆகாது. சிங்கப்பூரில் டிசம்பர் மாதத்தில் மட்டும் சராசரியாக 300 மில்லிமீட்டருக்கு மேல் பெய்கிறது, தரைவீட்டு மனைகளிலோ கட்டுமானத்தின்போது அமுக்கப்பட்ட களிமண்தான் பெரும்பாலும். அதில் குழி தோண்டி நல்ல மண் நிரப்பி நட்டால் அந்தக் குழி தண்ணீர்த் தொட்டியாகிவிடும். சுற்றியுள்ள களிமண் நீரை விடாது. வேர் அழுகி, அதன்மேல் ஃபைட்டோப்தோரா என்ற கிருமி ஏறிக்கொள்ளும்.

உறுதிசெய்ய, அடிமரத்திலிருந்து அரை மீட்டர் தள்ளி 20 சென்டிமீட்டர் ஆழம் தோண்டி மண்ணை முகர்ந்து பாருங்கள். சாக்கடை நாற்றம் அடித்து, வேர்த்தோல் விரலோடு உரிந்து வந்தால் சந்தேகமே வேண்டாம். ஒட்டுப்போட்ட இடத்துக்குக் கீழே பட்டை மென்மையாகிப் பழுப்பு நீர் கசிகிறதா என்றும் பாருங்கள். அது அடிமரத்தைச் சுற்றி வந்துவிட்டிருந்தால் காப்பாற்றுவது கடினம்.

அந்த அளவுக்குப் போகவில்லை என்றால்: மரத்தைச் சுற்றிக் குவித்திருக்கும் மூடாக்கை விலக்குங்கள். ஒரு மீட்டர் தள்ளி 30 சென்டிமீட்டர் ஆழத்துக்கு வாய்க்கால் வெட்டி வீட்டுக் கால்வாயில் கொண்டுபோய் விடுங்கள். வேர் குறைந்துவிட்டதால் மேல்பாரமும் குறையவேண்டும். காய்ந்த குச்சிகளோடு சேர்த்து இலைப்பரப்பில் கால்பங்கைக் கழித்துவிடுங்கள். பூவோ காயோ இருந்தால் தயங்காமல் எடுத்துவிடுங்கள். புதுத்துளிர் வரும்வரை உரம் கிடையாது.

புதிதாக நடுபவர்களுக்கும் இதையே சொல்கிறோம்: குழிக்குள் நடாதீர்கள், மேட்டில் நடுங்கள். இருக்கும் தரையைக் கடப்பாரையால் கிளறிவிட்டு, அதன்மேல் ஒரு மீட்டருக்குக் குறையாத அகலத்தில் 30 முதல் 45 சென்டிமீட்டர் உயரத்துக்கு மண்ணும் மக்கிய உரமும் கலந்து மேடு கட்டி, ஒட்டுப் பகுதி மண்ணுக்கு மேலே நன்றாகத் தெரியும்படி வையுங்கள். சுவரிலிருந்தும் கால்வாயிலிருந்தும் 4 மீட்டராவது தள்ளியிருக்கட்டும். இரண்டு மரம் என்றால் இடையில் 8 மீட்டர். முதல் ஆண்டு 15:15:15 கலப்புரம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை 100 கிராம், மரத்தை ஒட்டிப் போடாமல் இலை நிழல் விழும் விளிம்பில் தூவி மண்ணால் மூடினால் போதும். ஒட்டுக்கன்று மூன்றாம் ஆண்டிலேயே பூக்கப் பார்க்கும். அந்த முதல் காய்களை எடுத்துவிட்டால் மரம் உடம்பு தேறும். மனசு கேட்கவில்லை என்றால் ஒன்றே ஒன்று விட்டுவையுங்கள்.

உயரத்தை 4 மீட்டருக்குள் நிறுத்துங்கள். பழம் பெரும்பாலும் அடிமரத்திலும் பருத்த கிளையிலும்தான் வருவதால் உச்சியை வெட்டுவதில் நட்டமில்லை. அறுவடை முடிந்ததும் பழைய காம்பை வெட்டுங்கள், ஆனால் பட்டையில் புடைத்து நிற்கும் முண்டைச் சீவிவிடாதீர்கள். அடுத்த பருவத்தின் பூக்கதிர் அங்கிருந்துதான் வரும்.

உங்கள் நிலம் ஈரம் தங்கும் நிலம், வேறு வழியே இல்லை என்றால் பலாவைவிடச் செம்படாக் தாங்கும். எங்களைக் கேட்டால், ஒரே ஒரு மரத்துக்கு இடம் உள்ள சிங்கப்பூர் வீட்டுக்குச் செம்படாக்தான் பொருத்தம். 15 கிலோ பலாவை வெட்டி ஒரு குடும்பம் தின்று தீர்ப்பதற்குள் அக்கம்பக்கத்துக்கே அலுத்துவிடும்.

கேள்வி: ஈரச்சந்தையில் வாங்கிய முழுப்பழம் வெளியே பார்க்க அருமை. வெட்டினால் சுளையிலும் சடையிலும் துரு மாதிரி செம்பழுப்புப் புள்ளிகள். கடைக்காரர் பழையதைத் தலையில் கட்டிவிட்டாரா? (வாசகி, உட்லண்ட்ஸ்)

அவர் மேல் பழியில்லை. பேன்டோயா ஸ்டூவார்ட்டீ என்ற பாக்டீரியாவால் வரும் நோய் இது. முதலில் பிலிப்பீன்ஸிலும் பிறகு மலேசியாவிலும் பதிவானது. பூக்கும் காலத்திலேயே பூச்சிகள் மூலம் உள்ளே போய்விடுவதாகக் கருதப்படுகிறது. வெளித்தோலில் எந்த அடையாளமும் இருக்காது என்பதுதான் இதன் கெட்ட குணம். தட்டிப் பார்த்தாலும் தெரியாது, முகர்ந்தாலும் தெரியாது. இது செடியைத் தாக்கும் கிருமி. பட்ட சுளை சப்பென்று, சில நேரம் கசப்பாகவும் இருக்கும். அவற்றை எறிந்துவிட்டு நல்ல சுளைகளை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். முழுப்பழத்தில் பணம் போட யோசனையாக இருந்தால் வெட்டி அடுக்கியிருக்கும் சுளையை வாங்குவது பத்திரம்.

வீட்டில் மரம் வைத்திருப்பவர்கள் பெண் கதிரின் இழைகள் பழுப்பேறியதுமே பிஞ்சுக்குப் பை கட்டிவிடுங்கள். காற்று புகும் வலைப்பை அல்லது நெய்த சாக்கு நல்லது. பிளாஸ்டிக் பையில் வியர்த்து அழுகும். அடிமுனையில் நீர் வடிய ஓட்டை இருக்கட்டும். பழ ஈ, காய்த்துளைப்பான் புழு, அணில் மூன்றுக்கும் இதே பைதான் மருந்து. மலாய்க் கிராமங்களில் தென்னங்கீற்றால் கூடு பின்னிச் செம்படாக்குக்கு மாட்டுவது இதற்காகத்தான்.

கேள்வி: எப்போது பறிப்பது? வெட்டும்போது பால் ஒட்டிக் கத்தியே வீணாகிறது. (வாசகர், புக்கிட் பாத்தோக்)

பூத்து நான்கு முதல் ஆறு மாதத்தில் பலா முற்றும். முள் நெருக்கம் விட்டு அகன்று, கூர் மழுங்கும். பச்சை மங்கி மஞ்சளோ பழுப்போ ஏறும். காம்பை ஒட்டிய கடைசி இலை மஞ்சளாகும். விரல் முட்டியால் தட்டினால் இளங்காயில் டக்கென்று கெட்டியாகக் கேட்ட ஓசை, முற்றியதில் தொப்பென்று பொள்ளலாகக் கேட்கும். இந்த நான்கில் மூன்று சேர்ந்தால் பறிக்கலாம். மரத்திலேயே பழுக்க விட்டால் வௌவாலுக்கும் அணிலுக்கும் விருந்து. காம்போடு வெட்டி, காம்பு கீழே பார்க்கும்படி சாய்த்து ஓரிரு மணிநேரம் வைத்தால் பால் வடிந்துவிடும். அறை வெப்பத்தில் மூன்று முதல் ஏழு நாளில் பழுக்கும். காம்பில் வேப்பங்குச்சி அடிப்பது பழைய பழக்கம். காயம்பட்டால் பழுப்பது சற்று முந்தும், அந்த ஓட்டை வழியே அழுகலும் முந்தும். முழுப்பழத்தைக் குளிர்பெட்டியில் வைக்காதீர்கள். 12 டிகிரிக்குக் கீழே தோல் கறுத்து, பழுக்காமலே கெடும்.

பால் என்பது ரப்பர் வகைப் பிசின். தண்ணீரில் கரையாது, எண்ணெயில் இளகும். ஆகவே கத்தி, கை, பலகை மூன்றிலும் நல்லெண்ணெயோ தேங்காய் எண்ணெயோ தடவிக்கொண்டுதான் ஆரம்பிக்கவேண்டும். தரையில் செய்தித்தாளைக் கனமாக விரியுங்கள். பழத்தை நீளவாக்கில் நான்காக அறுத்து, ஒவ்வொரு துண்டிலும் நடுத்தண்டை முதலில் சீவி எறியுங்கள். பால் மிச்சமிருப்பது அந்த இடத்தில்தான். வெளிவருவதைச் செய்தித்தாளால் ஒற்றி எடுங்கள். அதன்பிறகு துண்டைப் பின்பக்கமாக மடக்கினால் சுளைகள் முன்னுக்குத் தள்ளிக்கொண்டு வரும். பிசுக்குப் பட்ட கத்தியை நேராகக் குழாயடிக்குக் கொண்டுபோக வேண்டாம்: குளிர்ந்த நீரில் பால் கெட்டியாகி ஒட்டிக்கொள்ளும், குழாய்க்குள் போனால் அடைக்கும். எண்ணெய் நனைத்த காகிதத்தால் துடைத்துவிட்டு, பிறகு பாத்திரம் கழுவும் திரவமும் வெந்நீரும். 10 கிலோ பழத்தில் உங்களுக்குக் கிடைக்கும் சுளை 3 கிலோ சுமார்தான். மீதித் தோலையும் சக்கையையும் சிறு துண்டாக்கி இரட்டைப் பையில் கட்டாமல் குப்பைக் குழாயில் தள்ளினால் அடுத்த மாடியில் சிக்கிக்கொள்ளும்.

செம்படாக்குக்கு இத்தனை ஆர்ப்பாட்டம் தேவையில்லை. பழுத்ததும் தோல் மெத்தென்றாகிவிடும். நீளவாக்கில் தோலை மட்டும் கீறிக் கையால் பிளந்தால் சுளைகள் நடுத்தண்டில் ஒட்டியபடி கொத்தாகவே வெளியே வரும். பாலும் குறைவு. கொட்டையோடு மாவில் தோய்த்துப் பொரித்தால் ஒரே கடியில் சுளையும் கொட்டையும். மலாய்க் கடைகளில் விற்கும் பொரித்த செம்படாக் அதுதான்.

கேள்வி: பலாக்கொட்டை சாப்பிட்டால் வயிறு உப்புகிறது. (வாசகி, ஜூரோங் வெஸ்ட்)

அரைவேக்காடாக இருந்தால் உப்பும். பச்சைக் கொட்டையில் புரதச் செரிமானத்தைத் தடுக்கும் பொருள் இருக்கிறது, வெந்தால்தான் அழியும். வெள்ளை மேல்தோலை உரித்து, நீளவாக்கில் கீறி, உப்புப் போட்டு 25 முதல் 30 நிமிடம் வேகவையுங்கள், குக்கர் என்றால் நான்கு விசில். கத்தி நுனி தடங்கலில்லாமல் இறங்கவேண்டும். பழுப்பு உள்தோல் இருந்தால் தவறில்லை. சாம்பாரில் நேராகப் போடுகிறவர்கள் புளி ஊற்றுவதற்கு முன்பே வேகவைத்துக்கொள்ளுங்கள், புளிப்பில் கொட்டை மெதுவாகத்தான் வேகும். நன்றாக வெந்த பிறகும் உப்பினால் அளவு கூடிவிட்டது என்று பொருள். ஐந்தாறு கொட்டையோடு நிறுத்துங்கள்.

கேள்வி: அப்பாவுக்குச் சர்க்கரையும் உண்டு, சிறுநீரகக் கோளாறும் உண்டு. பலா தரலாமா? (வாசகர், செங்காங்)

பழுத்த சுளை 100 கிராமில் சர்க்கரை மட்டும் 19 கிராம் அளவில் இருக்கிறது, பொட்டாசியம் ஏறக்குறைய 450 மில்லிகிராம். சர்க்கரை மட்டும் என்றால் இரண்டு சுளை பற்றிப் பேசலாம். சிறுநீரகக் கோளாறில், அதுவும் டயாலிசிஸ் செய்துகொள்பவர் என்றால், பொட்டாசியம்தான் ஆபத்து. மருத்துவர் அல்லது உணவியல் நிபுணர் சொல்லாமல் ஒரு சுளையும் வேண்டாம். கையுறை ரப்பர் ஒத்துக்கொள்ளாதவர்களும் முதன்முறை தின்னும்போது எச்சரிக்கையாக இருக்கட்டும்.

கேள்வி: சுக்குன் எனப்படும் ஈரப்பலாவில் கொட்டையே இல்லையே, எப்படிப் பயிராகிறது? (வாசகர், தெம்பனிஸ்)

வேரிலிருந்து. பக்க வேரைக் கீறிவிட்டால் அந்த இடத்தில் குருத்து வரும், அதைப் பிரித்து நடுவார்கள். வேர்த்துண்டுகளையே பதியம் போடுவதும் உண்டு. சுக்குனின் பூர்வீகம் நியூகினியும் பசிபிக் தீவுகளும். கொட்டையுள்ள காட்டு மூதாதையிடமிருந்து, கொட்டை குறைந்ததைப் பொறுக்கிப் பொறுக்கித் தீவுவாசிகள் உருவாக்கியது. இந்த மரக்கன்றுகளை தஹித்தியிலிருந்து கரீபியன் தோட்டங்களுக்கு, அடிமைகளுக்கு மலிவுச் சோறாக, கொண்டுபோகத்தான் வில்லியம் பிளை 1787-இல் பவுன்ட்டி கப்பலில் புறப்பட்டார். 1789-இல் மாலுமிகள் கலகம் செய்தார்கள், கன்றுகள் கடலுக்குப் போயின. இரண்டாவது பயணத்தில்தான், 1793-இல், செயின்ட் வின்சென்ட்டுக்கும் ஜமைக்காவுக்கும் கன்றுகள் சேர்ந்தன. இத்தனை பாடுபட்டும் அங்கிருந்தவர்கள் முதலில் அதைச் சீண்டவில்லையாம்.

கேள்வி: வீட்டுப் பழைய பலாமரத்தை வெட்டவேண்டியிருக்கிறது. மரம் எதற்காவது ஆகுமா? அனுமதி தேவையா? (வாசகி, சாங்கி)

அனுமதியை முதலில் பாருங்கள். மரப் பாதுகாப்பு வட்டாரத்துக்குள் உங்கள் மனை இருந்து, அடிமரச் சுற்றளவு 1 மீட்டரைத் தாண்டினால் தேசியப் பூங்காக் கழகத்தின் அனுமதி இல்லாமல் வெட்டக் கூடாது. சாங்கியின் ஒரு பகுதி அந்த வட்டாரத்தில் வருகிறது என்பதால் விசாரிக்காமல் கோடரியைத் தொடாதீர்கள்.

மரம் அருமையான மரம். வெட்டியதும் மஞ்சளாக இருந்து, நாளாக ஆக ஆழ்ந்த பழுப்பாகும். கறையான் எளிதில் அண்டாது. தஞ்சாவூர் வீணையும் மிருதங்கக் கட்டையும் பலாவில்தான் கடைவார்கள். ஆனால் வீட்டுத் தோட்டத்து மரத்தில் வயிரம் எவ்வளவு தேறும் என்பது அறுத்தால்தான் தெரியும். வெட்டிய கட்டையின் இரு முனையிலும் உடனே மெழுகோ பெயின்டோ பூசி, நிழலில், தரையில் படாமல் அடுக்குங்கள். முனை வழியே ஈரம் வேகமாகப் போனால் கட்டை நெடுக வெடித்துவிடும்.

கேள்வி: எங்கள் புளோக்குக்கு அருகில் சாலையோரப் பலாமரத்தில் பழம் தொங்குகிறது. பறிக்கலாமா? (வாசகர், தோ பாயோ)

கூடாது. அரசாங்க நிலத்து மரத்தின் பழம் அரசாங்கத்துக்குச் சொந்தம். நடைபாதைக்கு மேலே முற்றிய காய் தொங்குகிறது என்றால், பறிப்பதற்காக அல்ல, தலையில் விழாமல் அகற்றச் சொல்லி நகர மன்றத்துக்கோ தேசியப் பூங்காக் கழகத்துக்கோ தெரிவியுங்கள். மரம் நிற்கும் இடத்தைச் சொல்லும்போது பக்கத்து விளக்குக்கம்பத்தின் எண்ணைக் குறிப்பிட்டால் அவர்கள் தேடவேண்டியிருக்காது.